விரல் இருக்கே, பாஸ்வேர்ட் எதுக்குன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ கேட்டத முதல்ல இங்கயே ஒரு தடவ போட்டுடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ல. வீடு கொருக்குப்பேட்டை, அப்பா காசிமேடு ஹார்பர்ல வேல, அம்மா எல்லா பாஸ்வேர்டையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க அது தப்பா ரைட்டா, போன்ல கைரேகை இருக்கும்போது பாஸ்வேர்ட்னு ஒன்னு எதுக்கு, எல்லாத்துக்கும் விரல வெச்சுட்டா முடிஞ்சுதேன்னு கேக்கற, ஆனா அப்பா விரல மட்டும் போன் எடுக்கவே மாட்டேங்குதுன்னும் சொல்ற.

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல 11 வருஷமா சிஸ்டம் அட்மின், சாயங்காலம் ஆனா தண்டையார்பேட்டைல மச்சானோட மொபைல் கடைல உக்காருவேன். ரெண்டு பக்கமும் பாத்ததுல இருந்துதான் சொல்றேன்.

விரல் சாவி கிடையாதுப்பா. விரல் உன் பேரு மாதிரி. நீ யாருன்னு சொல்றதுக்கு ஆகும், ரகசியமா வெச்சுக்கறதுக்கு ஆகாது. டீக்கடை கிளாஸ்ல உன் ரேகை இருக்கு, கும்மிடிப்பூண்டி லோக்கல்ல புடிச்சுட்டு வந்த கம்பில இருக்கு, உன் போன் கண்ணாடி மேலயே இருக்கு, போன திருடினவன் கூடவே உன் ரேகையும் எடுத்துட்டுதான் போறான். பாஸ்வேர்ட் அப்படி இல்ல, நீ வாயத் தொறந்து சொல்லாத வரைக்கும், எங்கயும் எழுதி விடாத வரைக்கும் அது உன் மண்டைக்குள்ளதான் இருக்கு, வெளிய போச்சுன்னு தெரிஞ்சா அஞ்சு நிமிஷத்துல மாத்திக்கலாம். விரல மாத்த முடியாது. அமெரிக்கால 2015ல அரசாங்க ஊழியர் விவரம் மொத்தமா திருடு போச்சு, அதுல சுமார் 56 லட்சம் பேரோட கைரேகையும் சேந்து போச்சு, அவங்க ஆயுசுக்கும் அதே ரேகைதான், அரசாங்கத்தால புது விரல் குடுக்க முடியுமா.

இன்னொரு வித்தியாசம் இருக்கு, இத நிறைய பேரு யோசிக்கறதில்ல. பாஸ்வேர்ட் ஒன்னு சரி இல்ல தப்பு, ஒரு எழுத்து மாறினாலும் உள்ள விடாது. விரல் அப்படி இல்ல, ஒவ்வொரு தடவ வெக்கும்போதும் கொஞ்சம் சாஞ்சு விழும், ஈரமா இருக்கும், வெட்டு இருக்கும், அதனால மெஷின் "ஏறக்குறைய அதே மாதிரி இருக்கு"ன்னுதான் முடிவு பண்ணுது. எங்க தெரு முனைல ஒரு ஆயா எப்பவும் திண்ணைல உக்காந்திருப்பாங்க, யாரு வரா போறான்னு நடைய வெச்சே சொல்லுவாங்க. அவங்க ரொம்ப கறாரா பாத்தா மொட்ட போட்டுட்டு வந்த சொந்த பேரனையே யாருடா நீன்னு கேப்பாங்க, கொஞ்சம் தளத்தி விட்டா அதே கலர் சட்ட போட்டவன் எல்லாம் உள்ள போயிடுவான். கைரேகை மெஷின்ல இருக்கறதும் அதே தராசுதான், இந்தப் பக்கம் ஏத்தினா அந்தப் பக்கம் எறங்கும். ஆப்பிள் சொல்ற கணக்கு, வேற ஒருத்தர் விரலுக்கு தொறக்கறது 50,000ல ஒன்னு, முகத்துக்கு 10 லட்சத்துல ஒன்னு, முகத்துல இரட்டப் பிள்ளைங்களுக்கு அந்தக் கணக்கு செல்லாதுன்னும் அவங்களே சொல்லிடறாங்க.

உங்க அப்பா விஷயம் இந்தத் தராசோட அடுத்த பக்கம். எங்க அம்மா 20 வருஷத்துக்கு மேல காசிமேட்டுல எறா உரிச்சவங்க, ஐஸும் உப்புத்தண்ணியும் எறா முள்ளும் பட்டு பட்டு விரல் நுனி வழவழன்னு ஆகிடுச்சு, ரேஷன் கடைல மெஷின் வந்தப்போ அவங்க விரல பத்து தடவ வெச்சும் எடுக்கல, "இன்னாடா இது, என் கையே என்ன யாருன்னு தெர்லன்னுது"ன்னு சொல்லி வெறும் பையோட திரும்பி வந்தாங்க. அன்னிக்கு எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல, உழைச்ச கைய படிக்கத் தெரியாதது அந்த மெஷினோட குறை. வலை இழுக்கறவங்க, சிமெண்ட் வேல பாக்கறவங்க, பாத்திரம் தேய்க்கறவங்க, வயசானவங்க, எல்லாருக்கும் இதே கததான். எங்க யார்டுல லோடு எறக்கறவங்க பாதி பேருக்கு அட்டெண்டன்ஸ் மெஷின் எடுக்காது, நான் சண்ட போட்டு கார்டு ஒன்னும் கூடவே வெச்சேன். அப்பா போனுக்கு கட்ட விரல விட்டுட்டு எடது கை மோதிர விரலோ சுண்டு விரலோ வெச்சுப் பாரு, அதுதான் கம்மியா தேஞ்சிருக்கும், வேலைக்குப் போகாத நாள்ல கை நல்லா காஞ்சிருக்கும்போது அதே விரல ரெண்டு தடவ பதிஞ்சுடு. அப்படியும் வரலன்னா விட்டுடு, பின் நம்பர் போதும், அதுல ஒரு கொறச்சலும் இல்ல.

ஏமாத்த முடியுமான்னா முடியும். 2013 செப்டம்பர்ல ஐபோன் 5எஸ் வந்துச்சு, ஐபோன்ல விரல் வெக்கற வசதி அதுலதான் மொதல்ல, கடைக்கு வந்த சில நாள்லயே ஜெர்மனில கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்னு ஒரு கூட்டம் கண்ணாடி மேல பதிஞ்ச ரேகைய போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, அது மேல மரத்துக்கு ஒட்டற மாதிரி வெள்ளப் பசைய ஊத்தி காய வெச்சு உரிச்சு, அந்தத் தோல விரல்ல மாட்டி தொறந்து காட்டினாங்க. அடுத்த வருஷம் அதே கூட்டத்து ஆள் ஒருத்தர் அப்போ ஜெர்மனி பாதுகாப்பு அமைச்சரா இருந்த உர்சுலா வான் டெர் லேயனோட கட்டவிரல் ரேகைய கூட்டத்துல எடுத்த போட்டோல இருந்தே எடுத்துட்டேன்னு மேடைல காட்டினாரு, கிட்டயே போகல, கேமரா மட்டும்தான். 2019ல சாம்சங் எஸ்10 போன்ல ஒரு மாதிரி சிலிகான் கவர் போட்டா யாரு விரல் வெச்சாலும் தொறந்துச்சு, அப்புறம் அப்டேட் விட்டு சரி பண்ணாங்க. விலை கம்மியான போன்ல முகம் காட்டினா தொறக்குதே, அதுல நிறைய வெறும் முன்பக்க கேமரா மட்டும்தான், ஆழம் பாக்காது, நல்ல போட்டோ ஒன்ன காட்டியே சிலத தொறந்துடலாம், அதனாலதான் அந்த மாதிரி போன்ல பேங்க் ஆப் பல நேரம் முகத்த ஏத்துக்காம விரல் இல்ல பின் கேக்குது.

ஆனா இதக் கேட்டு பயந்து விரல் லாக்க எடுத்துடாத. பசை ஊத்தி தோல் உரிக்கறவன் உன் வீட்டுக்கு வரப்போறதில்ல. ட்ரெயின்ல பக்கத்துல நின்னு நீ அடிக்கற பின்ன எட்டிப் பாக்கறவனுக்கு எதிரா விரல் ரொம்ப நல்லது. போன்ல இன்னொரு நல்ல விஷயம், உன் ரேகைல இருந்து எடுத்த கணக்கு அந்தப் போனுக்குள்ள தனியா ஒரு பாதுகாப்பான எடத்துல பூட்டி இருக்கும், வெளிய போகாது, பேங்க் ஆப்புக்கு உன் விரல் போறதில்ல, "ஆமா இவருதான்"னு ஒரு பதில் மட்டும்தான் போகுது.

ஆதார்ல அப்படி இல்ல. அங்க பத்து விரல், ரெண்டு கருவிழி, முகம் எல்லாம் நடுவுல ஒரு எடத்துல இருக்கு, நீ எந்தக் கடைல விரல் வெச்சாலும் அங்க போய்தான் ஒத்துப் பாக்குது. பேங்க் இல்லாத ஊர்ல கடைக்காரர்கிட்டயே பணம் எடுக்கறதுக்கு ஒரு வசதி இருக்கு, பேங்க் பேரு, ஆதார் நம்பர், விரல், இந்த மூனு இருந்தா போதும், கார்டு வேணாம், பின் வேணாம், ஓடிபி வேணாம். ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கு நல்ல திட்டம்தான், நான் மறுக்கல. ஆனா பத்திரம் பதியும்போது கட்டவிரல் வெக்கறோமே, அந்தப் பத்திர நகல் ஆன்லைன்ல கெடைக்கற எடத்துல இருந்து ரேகைய எடுத்து, பக்கத்துலயே இருக்கற ஆதார் நம்பரையும் எடுத்து, சிலிகான்ல போலி விரல் பண்ணி பணத்த உருவிட்டாங்க, 2023ல மேற்கு வங்கத்துல இது பெரிய பிரச்சனையாவே ஆச்சு. ஓடிபி வராததால பல பேருக்கு பாஸ்புக் போட்டப்போதான் தெரிஞ்சுது. இதுக்கு ஒரு நல்ல வழி ஆதார் பயோமெட்ரிக் லாக், ஆதார் ஆப்புலயோ சைட்டுலயோ போய் லாக் போட்டுட்டா யாரு உன் போலி விரல வெச்சாலும் செல்லாது. உனக்குத் தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தொறந்துக்கலாம். வீட்டுல ரேஷனுக்கு யாரு விரல் வெக்கறாங்களோ அவங்கள விட்டுட்டு மத்தவங்களுக்கு இன்னிக்கே போட்டுடு, ஜெராக்ஸ் குடுக்கற எடத்துல எல்லாம் கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற ஆதாரையே குடு.

இப்போ பின் நம்பர். விரல் இருக்கேன்னு சொல்லி பின்ன 1234, பொறந்த வருஷம்னு வெக்கறாங்க பாரு, அங்கதான் பெரிய ஓட்ட. போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பின்தான் கேக்கும், விரல் அஞ்சு தடவ எடுக்கலன்னா பின்தான் கேக்கும், சும்மா விட்டாலும் ஆண்ட்ராய்டு 72 மணி நேரத்துக்கு ஒரு தடவ பின் கேக்கும். அதாவது விரல்ங்கறது பின்னுக்குப் போற குறுக்குச் சந்துதான், மெயின் ரோடு பின்தான். பின் தெரிஞ்சவன் தன்னோட விரலையே உன் போன்ல சேத்துக்கலாம். கடைக்கு ஒரு அக்கா வந்தாங்க, அக்கவுன்ட்ல இருந்து 500, 800ன்னு மாசக்கணக்கா போயிக்கினே இருக்கு, மொத்தம் 18,000 ரூபாய்க்கு மேல, ஹேக் பண்ணிட்டாங்கன்னு அழுதாங்க. செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா மூனு விரல் பதிஞ்சிருக்கு, அவங்க வெச்சது ரெண்டுதான். வீட்டுல இருந்த பையன் ஒருத்தன், போன் பின்னும் ஜிபே பின்னும் ஒரே நாலு நம்பர். அந்த அக்கா மொகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, காச விட வீட்டு ஆள்ங்கறதுதான் அவங்கள ஒடச்சுது. அதனால போன் பின் ஆறு நம்பர் வை, யுபிஐ பின் அதுக்கு சம்பந்தமே இல்லாததா வை, மாசத்துக்கு ஒரு தடவ எத்தன விரல் பதிஞ்சிருக்குன்னு எண்ணிப் பாரு. நாலு நம்பர்னா மொத்தமே 10,000 தான், ஆறுன்னா 10 லட்சம்.

பாஸ்வேர்டுல நம்ம ஆளுங்க பண்ற தப்பு சின்னதா வெக்கறது கூட இல்ல, ஒன்னையே எல்லா எடத்துலயும் வெக்கறது. 2009ல ராக்யூன்னு ஒரு கம்பெனில இருந்து 3.2 கோடி பாஸ்வேர்ட் வெளிய வந்துச்சு, அப்படியே எழுத்தா போட்டு வெச்சிருந்தாங்க, அதுல அதிகம் பேரு வெச்சிருந்தது 123456. ஒழுங்கான சைட்டு எழுத்தா வெக்காது, அரிசிய மாவாக்கற மாதிரி அரைச்சு வெக்கும், மாவுல இருந்து அரிசிய திரும்ப எடுக்க முடியாது, நீ அடுத்த தடவ அடிக்கறதையும் அரைச்சு மாவும் மாவும் ஒன்னான்னு பாக்கும். விரல இந்த மாதிரி அரைக்க முடியாது, ஏன்னா ஒவ்வொரு தடவையும் விரல் கொஞ்சம் வேற மாதிரி விழுதுல்ல, மாவு மொத்தமா மாறிடும். சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம். எங்கயோ ஒரு சின்ன ஷாப்பிங் சைட்டுல இருந்து உன் ஈமெயிலும் பாஸ்வேர்டும் போச்சுன்னா அத அப்படியே ஜிமெயில்ல, ஃபேஸ்புக்ல, பேங்க்ல மெஷின் வெச்சு போட்டுப் பாப்பானுங்க. ட்ராய் ஹன்ட்ங்கறவர் 2013ல ஆரம்பிச்ச ஹேவ் ஐ பீன் போன்ட் சைட்டுல உன் ஈமெயிலப் போட்டா எங்கெங்க போயிருக்குன்னு காட்டும், போய்ப் பாரு.

90 நாளைக்கு ஒரு தடவ மாத்தணும், பெரிய எழுத்து, நம்பர், அட் சிம்பல் எல்லாம் வேணும்னு ஒரு சட்டம் எல்லா ஆபீஸ்லயும் இருந்துச்சு. அமெரிக்கால என்ஐஎஸ்டிங்கற அரசு அமைப்புல 2003ல பில் பர்ங்கறவர் எழுதின வழிகாட்டிதான் அதுக்கு மூலம், 2017ல அவரே அதுல நிறைய தப்புன்னு வருத்தப்பட்டாரு, அதே வருஷம் அந்த அமைப்பும் சும்மா சும்மா மாத்தச் சொல்லாதீங்கன்னு மாத்தி எழுதிடுச்சு. மாத்தச் சொன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்கு ஆபீஸ்ல தெரியும், சென்னை@1, சென்னை@2, சென்னை@3.

நீளம்தான் முக்கியம். சம்பந்தமே இல்லாத அஞ்சு வார்த்தைய வரிசையா வை, கொக்கி பம்பரம் சுண்டல் குடம் ஜன்னல்னு (இதையே வெச்சுடாத). வார்த்தைய நீ யோசிச்சு எடுக்கக் கூடாது, டிக்சனரிய கண்ண மூடித் தொறந்து விரல் படறத எடு, ஏன்னா நம்ம மனசு யோசிச்சா புள்ள பேரு, குலசாமி பேரு, பாட்டு வரி, திருக்குறள்னுதான் போகும், அதெல்லாம் அவனுங்க லிஸ்ட்ல முதல்ல இருக்கு. 7,776 வார்த்தை இருக்கற லிஸ்ட்ல இருந்து பகடை உருட்டி எடுக்கற ஒரு முறை 1995ல இருந்து இருக்கு, டைஸ்வேர்னு பேரு, அதுல நாலு வார்த்தைக்கே சுமார் 3,650 லட்சம் கோடி விதம் வருது, அஞ்சாவது வார்த்தை அத இன்னும் 7,776 மடங்காக்கும். தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிக்கும்போது மட்டும் ஒன்னு பாத்துக்க, ழவுக்கு நீ என்ன எழுத்து போடுவ, தவுக்கு ஒத்த எழுத்தா ரெட்ட எழுத்தா, இன்னிக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி அடிச்சு பாஸ்வேர்ட் மறந்துடுச்சுன்னு கடைக்கு வந்தவங்க இருக்காங்க. விரல் பட்ட வார்த்தைல ழ, ள, நெடில் இருந்தா விட்டுட்டு மறுபடி கண்ண மூடித் தொறந்து எடு.

இந்த அஞ்சு வார்த்தையும் ரெண்டே எடத்துக்குத்தான், ஒன்னு ஈமெயிலுக்கு, இன்னொன்னு பாஸ்வேர்ட் மேனேஜருக்கு, அதாவது எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வெக்கற ஆப்புக்கு, ரெண்டுக்கும் வேற வேற. மத்த 60, 70 பாஸ்வேர்டையும் மேனேஜரே கன்னாபின்னான்னு உருவாக்கி வெச்சுக்கட்டும், உனக்கு அது தெரியவே வேணாம். பிட்வார்டன்ங்கற மேனேஜர் காசு இல்லாமலே நல்லா ஓடும், ஆன்லைன்ல வெக்க மனசில்லன்னா கீபாஸ் இருக்கு, ஃபைல் உன்கிட்டயே இருக்கும். எல்லாத்தையும் ஒரே பெட்டில வெச்சா பெட்டியே போச்சுன்னா என்னன்னு கேப்ப, நியாயம்தான், 2022ல லாஸ்ட்பாஸ்ங்கற மேனேஜர் கம்பெனில பூட்டின பெட்டிங்களயே காப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பூட்டு பலமா வெச்சவங்களுக்கு அத ஒடைக்கறது ரொம்பக் கஷ்டம், மெயின் பாஸ்வேர்ட லேசா வெச்சவங்களுக்குத்தான் பெரிய ஆபத்து. மேனேஜர்ல இன்னொரு லாபம், மின்சார வாரியம் பில்லு கட்டலன்னு போலி லிங்க் வருதே, அது உன் கண்ண ஏமாத்தலாம், மேனேஜர ஏமாத்தாது, சைட்டு அட்ரஸ் ஒரு எழுத்து மாறினாலும் அது பாஸ்வேர்ட நிரப்பாம சும்மா இருக்கும். நிரப்பலன்னா கைய எடுத்துட்டு ஒரு நிமிஷம் அட்ரஸப் பாரு. இந்தப் பெட்டிய தெனமும் தொறக்கறதுக்கு உன் விரல தாராளமா வெச்சுக்க, விரலுக்கு ஏத்த வேல அதுதான், ஆனா வாரத்துக்கு ஒரு தடவ அஞ்சு வார்த்தையையும் கையால அடி, இல்லன்னா மறந்துடுவ.

அம்மா நோட்டு தப்பே இல்ல தம்பி, அவங்கள திட்டாத. எங்கயோ உக்காந்திருக்கற திருடனால உங்க வீட்டு பீரோவுக்குள்ள இருக்கற நோட்ட படிக்க முடியாது. கேலரில ஸ்கிரீன்ஷாட்டா வெக்கறது, வாட்ஸ்அப்ல தனக்குத்தானே அனுப்பி வெக்கறது, கான்டாக்ட்ல ஏடிஎம்னு பேரு போட்டு சேவ் பண்றது, இதெல்லாத்தையும் விட நோட்டு மேல். ஏடிஎம் பின்னும் யுபிஐ பின்னும் மட்டும் அதுல வேணாம், நோட்டு அட்டைல பாஸ்வேர்ட்னு எழுதவும் வேணாம். நோட்டுக்கு உண்மையான எதிரி தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நம்ம பக்கம் எத்தன வீட்டுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சு, அடுத்த வாரம் முழுக்க கடைல நனைஞ்ச போனுங்கதான், போனும் போச்சு நோட்டும் கூழா போச்சுன்னு வந்தவங்க கூகுள் அக்கவுன்ட்டுக்குள்ள போக முடியாம, பசங்க சின்ன வயசு போட்டோ மொத்தமும் அதுல மாட்டிக்கினு நின்னாங்க. திருடன் வர்ற வழிய மட்டும் யோசிச்சு நாம உள்ள போற வழிய அடைச்சுக்கறோம். கீழ சொல்ற ரெண்டாவது பூட்ட போட்டா கூகுள் 10 பேக்கப் கோட் குடுக்கும், போன் கைல இல்லாதப்போ ஓடிபிக்கு பதிலா போடறதுக்கு, எட்டு எட்டு நம்பரா, அத பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி ஒன்னு உங்க வீட்டு மேல் செல்ஃப்ல, இன்னொன்னு மாடி வீட்டுல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட குடுத்து வை.

பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு நம்பரும் கேக்கற ரெண்டாவது பூட்டும் போட்டுடு, மொதல்ல ஈமெயிலுக்கு, ஏன்னா மத்த எல்லா பாஸ்வேர்டையும் அங்க இருந்துதான் மாத்த முடியும். எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்னும் இல்லாததுக்கு நல்லது, ஆனா உன் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டான்னா ஓடிபி அவனுக்குப் போயிடும், அதனால 30 செகண்டுக்கு ஒரு தடவ ஆறு நம்பர் மாறுற ஆதென்டிகேட்டர் ஆப் அத விட மேல். திடீர்னு சிக்னல் போயி ரொம்ப நேரம் வரலன்னா உடனே சிம் கம்பெனிக்கு போன் அடி. பணம் போச்சுன்னா யோசிக்காம 1930க்கு கூப்பிடு, சீக்கிரம் சொன்னாதான் பணத்த நடுவுல நிறுத்த முடியும். பாஸ்கீன்னு புதுசா எல்லா எடத்துலயும் கேக்குதே, அது நல்லது, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூனு பேரும் 2022ல சேந்து கைல எடுத்தது. பாக்கறதுக்கு விரலால உள்ள போற மாதிரி இருக்கும், ஆனா உள்ள நடக்கறது வேற, போனுக்குள்ள ஒரு ரகசிய சாவி இருக்கு, உன் விரலோ பின்னோ அந்தச் சாவிய எடுக்க மட்டும்தான், சைட்டுக்கு விரலும் போகாது சாவியும் போகாது, திருடறதுக்கு அங்க ஒன்னும் இருக்காது, போலி சைட்டுல அந்தச் சாவி வேலையும் செய்யாது. வர்ற எடத்துல எல்லாம் போட்டுக்க, ஆனா போன் தொலைஞ்சா என்ன வழின்னு மொதல்ல பாத்துட்டுப் போடு.

ஞாயித்துக்கிழம அப்பாவுக்கு ஹார்பர் லீவுன்னா மத்தியானத்துக்கு மேல தண்டையார்பேட்டை கடைக்கு கூட்டிட்டு வா. அவர் ஆதாருக்கு லாக் போட்டுடலாம், ஆறு நம்பர் பின் ஒன்ன அவரே யோசிச்சு வெக்கட்டும், நீ பாக்காத. அம்மாவ அந்த நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லு, நல்ல பிளாஸ்டிக் கவர் கடைல இருக்கு, போட்டுத் தரேன்.